முத்திரைக்குக் கீழே ஒரு தேதி

நீதிமன்ற வட்டாரத்தில் அந்த வக்கீல் குமாஸ்தாவுக்கு 'தேதி அண்ணன்' என்றே பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் முத்திரையைப் பார்ப்பார், அடுத்து அதன் கீழே உள்ள தேதியை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் அப்படித்தான். முப்பது வருடத்தில் தன் கண்ணில் மண்ணைத் தூவிய காகிதம் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களுக்கு எதற்குச் சிரமம்.

அன்று வக்கீல்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் மகளோடு நின்றார். அவள் கையில் சட்டப் பட்டம். அவர் கைப்பையில் இஸ்திரி போட்ட புதுக் கறுப்பு அங்கி.

கவுன்டரில் இருந்த அம்மாள் பட்டத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"பதிவு பண்ண முடியாதும்மா. அங்கீகாரம் உள்ள காலேஜ் பட்டம்தான் செல்லும். உங்க காலேஜோட அங்கீகாரம் நீங்க சேர்றதுக்கு முந்தின வருஷமே முடிஞ்சுபோச்சு. புதுப்பிக்கவே இல்ல."

"அஞ்சு வருஷம் படிச்சிருக்கேன் மேடம்."

"படிச்சது பொய்யில்லம்மா. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுப் பாருங்க. ஆனா கிடைச்சுடும்னு நான் சொன்னா அது பாவம்."

குமாஸ்தாவுக்கு, மகளைச் சேர்க்கப் போன அன்று பார்த்த அந்தக் கல்லூரி முதல்வரின் அறை கண்முன் வந்தது. சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அங்கீகாரக் கடிதம். பெரிய சிவப்பு முத்திரை. "வருங்கால வக்கீலம்மாவோட அப்பாவா? உட்காருங்க சார்" என்றார் முதல்வர். ஆயுள் முழுக்க நின்றே பழகியவரை அன்றுதான் ஒருவர் 'சார்' போட்டு உட்காரச் சொன்னார். உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு எழுந்துபோய்த் தேதியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஊர்க் காகிதத்துலயெல்லாம் தேதி பார்த்தேன் கண்ணு. உன் விஷயத்துல பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

மகள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "பையைக் குடுங்கப்பா, கனமா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டாள். அதில் கனமே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வெளியே படிக்கட்டில் ஒரு பெண்மணி, மூத்த மகனைப் பதிவுக்கு உள்ளே அனுப்பிவிட்டு, இளையவளுக்காக ஒரு சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அதே கல்லூரியின் படிவம். குமாஸ்தா இறங்கப் போனவர் நின்றார்.

"அங்க மரியாதையா உட்காரச் சொல்லுவாங்கம்மா. உட்காராதீங்க. அங்கீகாரம் எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. இந்த ஆபீஸ்லயும் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. அப்புறமா உட்காருங்க. கேக்க வேண்டியதைக் கேக்க நான் ஒரு நிமிஷம் கூச்சப்பட்டேன். என் பொண்ணோட அஞ்சு வருஷம் போச்சு."