டிங்கர் ஓடையின் குழாய்

1

இந்தக் கதை எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் பிறந்தது. கார்னெட் வாய் நிறையப் பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டியை அடைத்துக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தைதான் விதை. அதை இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். முதலில் ஓடை.

"மலை உச்சியில் பனி மூடியிருந்தது. ஓடையின் சலசலப்பில் ஏதோ ஒரு

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

2

மறுபடியும். டிங்கர் ஓடை மண்சாலைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. குழாயின் கீழ்வாய் இடுப்புயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. தண்ணீர் விழும், மீன் ஏறாது. மேலே இருப்பவை ஓடை ட்ரவுட் என்னும் மீன்கள், இந்த மலைக்கே சொந்தமானவை. போன கோடையில் மடுக்கள் வற்றிப் பாதி செத்துப்போயின. ஆழம் தேடிக் கீழே இறங்கியவை திரும்பி வரவே இல்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோஸ்லின் ஹாஃப்னர் வீடு வீடாக ஏறி இறங்கி, குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்ட ஊரைச் சம்மதிக்க வைத்தாள். [முதல் வரைவில் அவள் விஞ்ஞானி. விஞ்ஞானிக்கு இவ்வளவு கோபம் வராது என்று மாற்றிவிட்டேன்.*]

*வருமாம். ஒரு விஞ்ஞானி படித்துவிட்டு என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

3

பொக்லைன் வரும் காலை. பங்கில் காப்பி வாங்க நின்ற ரோஸ்லினை அவள் அக்கா புருஷன் கார்னெட் பிடித்துக்கொண்டான்.

"என்ன கொழுந்தியா, இன்னிக்கு குழாய்க்குச் சங்கா?"

"ஆமா மச்சான். வந்து வேடிக்கை பாருங்க."

"வராமயா? போன அக்டோபர்ல அந்தக் குழாய் வாய்க்குக் கீழ ஒரு பழுப்பு ட்ரவுட்டு எகிறி எகிறி விழுந்துச்சு. என் கை நீளம்! இனிமே அதுக்கும் கதவு தொறந்தாச்சு."

ரோஸ்லின் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். பழுப்பு ட்ரவுட் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். உள்ளே புகுந்தால் ஓடை ட்ரவுட்டின் குஞ்சுகளைத் தின்றுவிட்டு அதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அது ஓடை போய்ச் சேரும் ஆற்றோடு நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"இதை ஏன் மச்சான் இத்தனை நாளா சொல்லல?"

"நல்லாருக்கே! மீன் சிக்கற எடத்தை எவனாச்சும் வெளிய சொல்லுவானா?"

கார்னெட்டை வில்லனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. எங்கள் ஊரில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ரகசியம் அது ஒன்றுதான்.

4

முடிவு அ: குழாய் போகிறது. பழுப்பு ட்ரவுட் ஏறுகிறது. சில வருடங்களில் ஓடையில் மீன் இருக்கும், நம் மீன் இருக்காது.

முடிவு ஆ: குழாய் இருக்கிறது. அடுத்த கோடையும் காய்ந்தால் மிச்சப் பாதியும் போகும்.

முடிவு இ: முதலில் இன்னும் கீழே, ஆழமான மடுக்களைத் தாண்டி, பழுப்பு ட்ரவுட் தாண்டமுடியாத கல்தடுப்பு கட்டு. பிறகு குழாயை எடு. என்னைத் திட்டிய அதே விஞ்ஞானி சொன்ன வழி, சரியான வழியும்கூட. ஆனால் இரண்டு வருடமாகும். மழையிடம் தவணை வாங்கித் தருவது யார்?

எனக்கு முடிக்கத் தெரியாமல் இல்லை. மூன்றையும் எழுதினேன், மூன்றும் நன்றாகவே வந்தன. அதுதான் சிக்கல்.

5

பொக்லைன் குழாய்மேல் நிற்கிறது. கரை முழுக்க ஊர், அவள் வார்த்தையை நம்பி வந்த ஊர். மேல் மடுவில் ஒரு ஓடை ட்ரவுட் வெள்ளை விளிம்புத் துடுப்பை ஆட்டியபடி நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க ரோஸ்லினுக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

"ரோஸி, வெட்டட்டுமா?" பொக்லைன் ஓட்டும் லாவர்ன் மேலேயிருந்து கத்துகிறான். "நீ பேசறது ஒண்ணும் கேக்கல. கையக் காட்டு, போதும்!"

விரல்களை மடக்கினால் நிறுத்துவான். கையைக் கீழே அசைத்தால் வெட்டுவான்.

ரோஸ்லின் தன் கையை

இதற்குமேல் உங்கள் பொறுப்பு. நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.