தொழில்: கூலி

நான் கோபக்காரி என்று மலை முழுக்கத் தெரியும். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்களைத் திட்டுவேன். ஜுரத்தில் கிடக்கும் குழந்தையை மழையில் தூக்கிக்கொண்டு வந்தால் திட்டுவேன். நேற்றே ஏன் வரவில்லை என்று அதற்கும் திட்டுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு போய், அடுத்த வாரம் ஒரு மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். இதெல்லாம் எதற்கு என்று இன்னொரு திட்டு விழும்.

அந்தக் கோபம் காணாமல் போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள், நாலு மாதமாக பி.பி. மாத்திரை போடாமல் வந்து நின்ற பழனியிடம், "சரி, இந்தாங்க" என்று சீட்டை நீட்டினேன். அவர் நகரவில்லை.

"இன்னாம்மா, இன்னிக்கி ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கல்வராயன் மலையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு டாக்டர்கள். அதாவது, பெயர்ப்பலகையில். இன்னொருவர் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மற்றவர்கள் எல்லோரும் காலை எட்டே முக்கால் பஸ்ஸில் ஏறி வந்து, மாலை நாலரை பஸ்ஸில் இறங்கிப் போகிறவர்கள். இரவுக்கு ஒரு நர்ஸ் பிரசவ அறையில் இருப்பார். நான் பின்னால் குவார்ட்டர்ஸில். நாலரை பஸ் கிளம்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். இரண்டு வருடமாகக் கேட்கிற சத்தம்தான், பழகவே இல்லை. தினமும் நூற்றிருபது பேரிடம் பேசுகிறேன். ஆனால் அந்த பஸ் போன பிறகு, இன்று நான் யாரிடமாவது பேசினேனா என்று யோசித்தால் ஒருத்தர் முகமும் நினைவுக்கு வராது.

நைனார்பாளையத்திலிருந்து அம்மா கூப்பிடுவாள். "சாப்டியா?" என்பாள். "சாப்டேன்" என்பேன். டாக்டருக்குப் படித்த பெண் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷியிடம், சோறு வடிக்கத் தெம்பில்லாமல் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

மருத்துவர்களுக்கு மனவலிமைப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில். எங்களுக்கு சிக்னல் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். நான் போனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். இழுத்தேன். படம் அப்படியே நின்றுவிட்டது. எப்போது விடுவது என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் தேள் கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வருகைப் பதிவில் என் பெயர் இருந்ததால் சான்றிதழ் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கைக்குழந்தைக்கு ஊசி எழுதிக் கொடுத்தேன். கோகிலவாணி சீட்டோடு திரும்பி வந்தாள். எங்கள் பகல் நர்ஸ், கள்ளக்குறிச்சிக்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள்.

"மேடம், இந்தக் கொழந்த பத்து கிலோ. நீங்க முப்பது கிலோவுக்கு டோஸ் எழுதிக்கிறீங்க."

திருத்திக் கொடுத்தேன். அவள் ஊசி போடப் போனாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். என்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த தரம் அவள் கண்ணில் படாமல் போனால் ஒரு பிள்ளை செத்துப்போகும். எனக்கு ஓய்வு வேண்டும் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. லீவு கேட்கிற டாக்டரை மலை பிடிக்காமல் ஓடப் பார்க்கிறவள் என்றுதான் நினைப்பார்கள். மாற்றல் வாங்கிப் போன டாக்டரை நானே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை மாலை நாலேகால் மணிக்குக் கோகிலவாணி நோயாளி விவரம் ஏற்றுகிற டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மேடம், மனநலக் கேள்வி இந்த மாசம் முப்பது பேருக்கு கேக்கணும். ஒண்ணு கம்மியா இருக்குது. உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

இது எங்கள் வழக்கம். நோயாளிகளிடம் ஒன்பது கேள்வி கேட்டு மார்க் போட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எங்கள் ஆட்களையே நோயாளியாக்கிவிடுவோம். அரசு ஊழியர் என்று போட்டால் மேலேயிருந்து விளக்கம் கேட்பார்கள் என்று தொழில் கட்டத்தில் எல்லோருக்கும் கூலி. மருந்தாளுநர் சிவசங்கர் மூன்று மாதம் கூலியாக இருந்தார். எல்லோருக்கும் ஒரு குறையும் இல்லை என்று கோகிலவாணி சைபர் போட்டு அனுப்புவாள். நான் ஆவணியில் அதற்காகக் கத்தியிருந்தேன். கேட்காமல் போடுவதற்கு எதற்கு இந்த வேலை என்று.

"சைபர் போட்டுக்கோ" என்றேன்.

"ஐயோ, கேக்காம போட்டா திட்டுவீங்க" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். "எதுலயும் நாட்டம் இல்லாம இருக்குதா? இல்ல, சில நாள், பாதி நாளுக்கு மேல, தெனமும்."

விளையாட்டாகத்தான், "தெனமும்" என்றேன். அவள் சிரித்தாள். தூக்கக் கேடு? "தெனமும்." உடம்பு அசதி? "தெனமும்." பசியில்லாமை? "பாதி நாள்." எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன விதத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இல்லை" என்றேன். அது நிஜம். சாக வேண்டும் என்றில்லை. இரண்டு நாளைக்கு என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

மார்க் இருபத்தேழுக்குப் பத்தொன்பது. திரை சிவப்பானது. கீழே, 'மருத்துவ அலுவலரிடம் உடனே அனுப்பவும்' என்று வந்தது.

"மேடம், உங்கள உங்ககிட்டயே அனுப்ப சொல்லுது" என்றாள் கோகிலவாணி.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அவள் டேப்லெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். அறை காலியானதும் கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அம்மாவுடன் பேசலாம் என்று தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போனேன். போனதும் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"இலக்கியாங்களா பேசறது?"

மலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேடம், டாக்டரம்மா, அவ்வளவுதான். அந்தக் குரல் என் பெயரைச் சொன்னதும், யாரோ தோளில் கைவைத்த மாதிரி இருந்தது.

"ஆமாங்க."

"நான் கள்ளக்குறிச்சியிலேருந்து தமிழ்வேந்தன் பேசறேங்க. மனநல ஆலோசகர். ரெண்டு நாளு முன்ன ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா உங்ககிட்ட கேள்வி கேட்டிருப்பாங்க. பயந்துக்காதீங்க, சும்மா பேசத்தான் கூப்பிட்டேன். கூலி வேலைன்னு போட்டிருக்குது. சரிங்களா?"

நான்தான் அந்த நிலையத்தின் டாக்டர், தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவர் வைத்துவிடக் கூடாது என்றிருந்தது.

"ஆமாங்க. கூலிதான்."

"வேலை ஜாஸ்திங்களா?"

"இருபத்தாறு நாளா லீவே இல்லைங்க."

"அடக் கடவுளே. மேஸ்திரி லீவு தர மாட்டாராங்க?"

"கேட்டதில்லைங்க. கேட்டா, முடியலைன்னு ஆயிடும்."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்றதுதானேங்க?" என்றார் சாதாரணமாக.

தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு சொன்னேன். வேலையில் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பெண் தடுத்துவிட்டாள் என்று.

"அடி கிடி பட்டுச்சுங்களா?"

"எனக்கில்லைங்க. ஒரு சின்னக் கொழந்தைக்குப் பட்டிருக்கும்."

"ஐயோ. கல்லு கில்லு வுழுந்துச்சா?"

"அந்த மாதிரிதாங்க" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு ஆளிடம், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் குறுக்கே பேசவில்லை. இருக்கிறாரா, லைன் போய்விட்டதா என்றுகூட சந்தேகமாக இருந்தது. இருந்தார்.

"அழுதுட்டீங்க, நல்லதுங்க" என்றார் கடைசியில். "இப்ப நான் சொல்றதக் கேளுங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போகாதீங்க. உங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அந்தப் பக்கத்துலேருந்து யாரு பேசினாலும் அவங்களத்தான் சொல்றாங்க. கண்டபடி திட்டுவாங்களாம். ஆனா மனசு வெச்சிப் பாப்பாங்களாம். அவங்களப் போயிப் பாருங்க."

கீழே குவார்ட்டர்ஸ் கொடியில் என் வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக அதை எடுக்கவில்லை.

"அவங்க இப்பல்லாம் திட்டறதில்லைங்க" என்றேன்.

"உங்களுக்கு அவங்களத் தெரியுங்களா?"

"தெரியுங்க. அந்தம்மாவுக்கும் முடியலைங்க. பத்து கிலோ கொழந்தைக்கு முப்பது கிலோ ஊசி எழுதறாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாக, "மேடம்?" என்றார்.

"ம்."

"நாங்க எல்லாரையும் உங்ககிட்டதான் மேடம் அனுப்பிக்கினு இருக்கோம்." என்றார். "இப்ப உங்கள யாருகிட்ட அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல மேடம்."

பாவம், இளம் பையன் போலிருக்கிறது. "எனக்குத் தெரியும்" என்றேன். "பெரிய ஆஸ்பத்திரியில புதன்கிழமை மனநல ஓ.பி. இருக்கு. நானே நாப்பது பேர அனுப்பியிருக்கேன்."

"வருவீங்களா மேடம்?"

"பாக்கறேன்."

பாக்கறேன் என்று சொல்கிற நோயாளி வரமாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை எட்டே முக்கால் பஸ்ஸிலிருந்து இறங்கிய கோகிலவாணி நேரே என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மேடம், அத பஸ்ல சைபரா மாத்திடலாம்னுதான் இருந்தேன். தூங்கிட்டேன். மூணாவது வளைவுல சிக்னல் வந்ததும் அதுவே போயிடுச்சி. கள்ளக்குறிச்சியிலேருந்து கூப்ட்டாங்களாமே? திட்டுங்க மேடம். நான் வாங்கிக்கறேன்."

திட்டுவதற்கு எனக்குள் ஒன்றும் இல்லை. அவள் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். என் நாற்காலியில் அவளே உட்கார்ந்துகொண்டாள். இத்தனை நாளில் அதில் அவள் உட்கார்ந்ததில்லை. பெயர், இலக்கியா. வயது, முப்பத்தொன்று. தொழில் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இன்னா போடட்டும் மேடம்?"

வெளியே வரிசை ஆரம்பித்திருந்தது. ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது.

"டாக்டர்னு போடு" என்றேன்.

போட்டாள். கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். நான் தொட்டி மேட்டுக்கு ஏறி, எங்கள் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்றேன். "காய்ச்சல்னு எழுதி அனுப்புங்கம்மா" என்றார். காய்ச்சல் இல்லை சார் என்று உள்ளதைச் சொன்னேன். முணுமுணுத்தார். வடக்கனந்தல் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்புகிறேன், ஆனால் இரண்டு நாள்தான் என்றார். அவ்வளவுதான். இதைக் கேட்கவா இரண்டு வருடம் ஆனது என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கொஞ்சூண்டு ஆத்திரம்தான். ஆனாலும் வந்தது.

புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் முப்பத்துநாலு. நான் டாக்டர் என்று சொன்னால் உள்ளே விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. நீளப் பெஞ்சில், புருஷனைக் கூட்டி வந்த ஒரு பெண்ணுக்கும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கையில் கோகிலவாணியின் சீட்டு, ஈரமாகியிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தரம் செருப்பை மாட்டினேன். நான் அனுப்பிய நாற்பது பேரும் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தரிடமும், போகும்போது பயமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

கதவோரம் நின்ற நர்ஸ் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. பக்கத்துப் பெண் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு முழங்கையால் இடித்தாள்.

"இலக்கியா! இலக்கியா யாரும்மா? எத்தினி தரம் கூப்புடறது? காதுல வுழல?" என்று நர்ஸ் திட்டினார்.

"நான்தாங்க" என்று எழுந்தேன்.