ஞாயிறு மாலைக் காட்சி, ஹவுஸ்ஃபுல்

ஒரு படம் வெளியாவதற்கு முன்பே, முதல் மூன்று நாளில் அது எவ்வளவு வசூலிக்கும் என்று சொல்கிறவன் நான். கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை செல்வக்குமார் என்றால் நாலு பேருக்குத் தெரியும். ‘மூணு நாள் முடிவு’ யூடியூப் சேனல் செல்வக்குமார் என்றால் அந்த நாலு பேருக்கும் தெரியாது. ஒன்பது வருடமாகக் கணிக்கிறேன். ஒன்றுகூடப் பலித்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை உட்கார்ந்து ஏன் பலிக்கவில்லை என்று நான் விளக்குகிற அழகே தனி. மழை, முகூர்த்த நாள், மாதக் கடைசி என்று அடுக்கினால், தப்பு செய்தது ஜனங்கள்தான் என்று எனக்கே தோன்றிவிடும்.

என் பேச்சை முழுதாக நம்புகிற ஒரே ஆள் என் தங்கை இந்துஜா. தீப்பெட்டி ஆபீஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமிக் கடைசியில் வேலையை விட்டாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் தியேட்டரில் கேன்டீன் காலியானது தெரிந்து போய்க் கேட்டாள். அண்ணாச்சி, “புதுப் படம் வெள்ளிக்கிழம வருது. மூணு நாள் நடத்து. வியாபாரத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுதேன்” என்றார். கேன்டீன் கிடைக்காவிட்டால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ்தான்.

“அண்ணே, எத்தன பேரு வருவாக? அதுக்குத் தக்கன பண்ணணும்” என்று கடைக்கு வந்து கேட்டாள்.

இப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்றுதானே ஒன்பது வருடம் காத்திருந்தேன். டிரெய்லரை எத்தனை பேர் பார்த்தார்கள், பருத்தி என்ன விலை போகிறது, நடிகரின் முந்தைய படம் எத்தனை நாளில் ஓடிப்போனது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, “வெள்ளி, சனி சுமாரா இருக்கும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஹவுஸ்ஃபுல்” என்றேன். அதையே சேனலிலும் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு இருநூறு பப்ஸுக்கு பேக்கரியில் சொல்லிவைத்தாள். நூறு பொட்டலம் சுண்டலுக்குக் கடலை வாங்கினாள்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த நடிகரின் ரசிகர்கள் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நாலு காட்சிக்கும் சேர்த்து நூற்று அறுபது பேர். சனிக்கிழமை காலைக் காட்சிக்கு இருபத்தி இரண்டு பேர், அதில் இரண்டு பேர் செல்போனுக்கு சார்ஜ் போட வந்தவர்கள். இந்துஜா என்னைத் திட்டவில்லை. “ஞாயித்துக்கிழம வந்துருவாகல்ல?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்று மத்தியானமே பைக்கை எடுத்துக்கொண்டு நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். இந்துஜாவுக்காகப் போனேன் என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ‘ஹவுஸ்ஃபுல்’ என்று சேனலில் சொன்ன வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மழை இன்னும் விழாததால் ஊரில் ஆட்கள் சும்மாதான் இருந்தார்கள். வெயிலம்மாள் அத்தையிடம், “நாளைக்கு எல்லாரையும் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன், என் செலவு” என்றேன்.

அத்தை ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். “ஏலே, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” என்றாள்.

சேனலுக்கு நல்ல மைக் வாங்க வைத்திருந்த பணம் இரண்டு மினி பஸ்ஸுக்கும் ஒரு குட்டியானை லோடு வண்டிக்கும் டிக்கெட்டுக்குமாகக் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூற்று நாற்பது பேர் தியேட்டர் வாசலில் இறங்கினார்கள். தானாக வந்தவர்கள் தொண்ணூற்று மூன்று பேர். மொத்த இருக்கை இருநூற்று நாற்பது, அதில் ஏழு உடைந்தவை. கணக்கு கச்சிதம். மந்திரமூர்த்தி அண்ணாச்சி ‘ஹவுஸ்ஃபுல்’ பலகையைத் தேடி எடுத்துத் தூசி தட்டச் சொன்னார். அதைத் தொங்கவிட்டதும் நான் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துச் சேனலில் போட்டேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. இந்துஜா பப்ஸ் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. கதவைத் திறந்தால் புளிச்சோற்று வாசனை ஆளைத் தூக்கியது. எங்கள் சனம் வெளியூருக்குக் கிளம்பினால் சோறு கட்டாமல் கிளம்பாது என்பது எனக்குத் தெரியாதா? நானும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானே. பருத்தி விலையைப் பார்த்தவன் தூக்குவாளியைப் பார்க்கவில்லை. சீட்டுக்குச் சீட்டு புளிச்சோறு, அவிச்ச மொச்சை, வெள்ளரிக்காய், சேவு.

அதோடு விட்டார்களா? முன்னால் உட்கார்ந்திருந்த, டிக்கெட் எடுத்து வந்த பையன்களைப் பார்த்து வெயிலம்மாள் அத்தை, “நாங்க திங்கிறதப் பாத்துக்கிட்டு இருக்கியளே, கைய நீட்டுங்க” என்று ஆளுக்கு ஒரு உருண்டை வைத்தாள். தொண்ணூற்று மூன்று பேருக்கும் பந்தி நடந்தது. கடைசியில் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கே வந்துவிட்டாள்.

“ஏட்டி இந்துஜா, காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்க. முதல்ல தின்னு” என்றாள்.

இந்துஜா பப்ஸ் அடுக்குக்குப் பின்னால் நின்று புளிச்சோறு தின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

படம் முடிந்து வண்டிகள் கிளம்பியதும் அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

“எத்தன பப்ஸ் வித்திருக்கு?”

“பன்னெண்டு” என்றாள் இந்துஜா.

“ஆளே இல்லாம விக்கலன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். வெள்ளி, சனி கேட்டனா? நிறைஞ்ச கொட்டகைல பன்னெண்டுன்னா, நடத்துத ஆளுக்குச் சாமர்த்தியம் பத்தலன்னுதானம்மா அர்த்தம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா ஞாயித்துக்கிழம நெறையும்னு நீ சொன்னதா இந்தப் புள்ள சொல்லிச்சு, அப்படியே பலிச்சிட்டுதப்பா. இனிமே தியேட்டருக்குப் படம் எடுக்கும்போது ஒன்ட்ட கேட்டுத்தான் எடுக்கணும். பெரிய படத்துக்குப் பேச விநியோகஸ்தர் வரும்போது நீயும் என் பக்கத்துல இரி.”

ஒன்பது வருடமாக நான் கனவில் கேட்ட வாக்கியம் அது. கனவில் அண்ணாச்சி எனக்குக் காபி வேறு கொடுப்பார். இந்துஜா பக்கத்தில் நின்று லேசாக இருமினாள். சாதாரண இருமல்தான், புளிச்சோற்றுக் காரம். ஆனால் எனக்கு அது தீப்பெட்டி ஆபீஸ் இருமலாகக் கேட்டது.

கூட்டம் வராமலேயே இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். கூட்டத்தைக் கூட்டி வந்து அவளைக் கவிழ்த்தவன் நான். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட டிக்கெட் கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“அண்ணாச்சி, அது கூட்டம் இல்ல. எங்க சொந்தக்காரவுக.”

“சொந்தக்காரவுகளும் சனம்தானப்பா?”

“நூத்தி நாப்பது டிக்கெட்டும் நான் எடுத்தது. பஸ்ஸும் நான் வச்சது. நெசமா வந்தது தொண்ணூத்தி மூணு பேருதான். அவியளுக்கும் எங்க அத்த சோறு போட்டுட்டா. நான் சொன்னது பலிக்கல.” கடைசி மூன்று சொற்கள் தொண்டையிலிருந்து வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அண்ணாச்சி கட்டைப் பிரித்து எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி ரப்பர் பேண்டைப் போட்டார்.

“அந்தப் புளிச்சோறு நானும் ரெண்டு கை வாங்கித் தின்னேன்” என்றார். “நல்லாத்தான் இருந்துச்சு.” பிறகு இந்துஜாவிடம், “ஒரு மாசம் நடத்தும்மா. பொறவு பாப்போம். இவன் மட்டும் இங்கன வந்து ஆள் எண்ணக் கூடாது” என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். செல்போனை எடுத்து செல்ஃபியை அழித்தேன். அதற்குள் பதினாலு பேர் கைதட்டியிருந்தார்கள். முதல் முறையாகக் கிடைத்த கைதட்டல் என்பதால் அழிப்பதற்கு முன் ஒரு தடவை எண்ணிக்கொண்டேன். இந்துஜா ஒரு பப்ஸை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணே, நாளைக்குக் காலக் காட்சிக்கு எத்தன பேரு வருவாக?”

இவ்வளவுக்குப் பிறகும் கேட்கிறாள். நாக்கு நுனியில் ஒரு எண் தயாராக நின்றது. அதைப் பப்ஸோடு சேர்த்து விழுங்கினேன்.

“தெரியலம்மா.”

அவள் டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப கவுன்டர்ல டிக்கெட் கொடுக்கும்போது நான் எட்டிப் பாத்துக்கிடுதேன். ஆள எண்ணிட்டு பேக்கரிக்குப் போன் பண்ணா இடைவேளைக்குள்ள கொண்டாந்துருவான்லா.”

ஒன்பது வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நான் இன்னொரு பப்ஸ் எடுத்துக்கொண்டேன். இன்னும் நூற்று எண்பத்தாறு மீதி இருந்தது.