பழைய பிரதியில் இல்லாத வரிகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஆபீசில் எனக்கு எதிர் மேசையில் உட்காரும் ஜெனோவுடையது. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் காகிதவேலை முடித்துக்கொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. போன மாதம் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே அவன் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுதீங்கல்லா? எங்க அக்காவுக்கு ஒரு முடிவு எழுதிக் குடுங்களேன்."

முடிவு மட்டும் வேண்டுமாம். டெய்லரிடம் போய்க் காலர் மட்டும் தைக்கச் சொல்வதுபோல. எரிச்சலாக வந்தது. பிறகு முழுவதையும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "திரேஸ்புரம் கடற்கரையில் காற்று உப்பாய் வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..."

சே. கடல்காற்று உப்பாகத்தான் வீசும். அதைச் சொல்ல நான் எதற்கு?

இரண்டாவது: "ஆதியிலே ஜெனோ ஒரு ஆப்பை டவுன்லோட் செய்தான்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இது சாவு வீட்டுக் கதை. (அடித்துவிட்டேன். வாசகர் கண்ணில் பட்டால் மன்னிக்கவும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெனோவின் அக்கா ஆனி. அவள் கணவர் விக்டர், மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போய், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆனி தினமும் சாயங்காலம் அவர் நெற்றியில் கைவைத்துச் செபிப்பாள். மாற்கு நற்செய்தியின் கடைசியில் ஒரு வாக்கு இருக்கிறது. நம்புகிறவர்கள் கைவைத்தால் நோயாளிகள் குணமடைவார்கள் என்று. அதைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

3

ஜெனோவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கெட்டவனாக எழுதினால் சுலபம். ஆனால் அவன் கெட்டவன் இல்லையே! கிரேக்க மொழியைத் தானாகவே படித்தவன். அகராதி, சொல்லுக்குச் சொல் பொருள் காட்டும் பைபிள், தோல் ஏடுகளின் போட்டோக்கள், எல்லாம் அவன் லேப்டாப்பில் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் விவிலிய வகுப்பு எடுப்பான்.

அக்காவும் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பில்தான் சொல்லியிருக்கிறான். மாற்கின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டில் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், ஆனி பிடித்திருந்த வாக்கு உட்பட, இல்லை. ஆண்டவரின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பின்னால் யாரோ சேர்த்திருக்க வேண்டும் என்பதே பல ஆய்வாளர்களின் எண்ணம்.*

இதோடு விட்டிருந்தால்...

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம். இரண்டு காகிதங்களை ஒப்பிடுவோம். ஒன்றில் இல்லாத வரி மற்றதில் இருந்தால் மஞ்சள் மார்க்கர். மஞ்சள் விழுந்த சரக்கு துறைமுகத்தைவிட்டு நகராது. எந்த வசனம் என்று அக்கா கேட்டாளே என்று ஜெனோ அவள் பைபிளை வாங்கினான். பன்னிரண்டு வசனத்துக்கும் மஞ்சள் அடித்துக் கொடுத்தான். கை பழகிப்போச்சு அண்ணாச்சி என்கிறான். பாவிப் பயல்.

"அப்ப இது ஆண்டவர் சொன்னது இல்லியாலே?"

"பழைய பிரதியில இல்லக்கா. அவ்வளவுதான் நாஞ் சொல்லுதேன்."

இல்லாத வாக்கைக் காட்டிப் புருஷனை ஏமாற்றுகிறோமோ என்று ஆனிக்குப் பயம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் கட்டிலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து செபமாலை மட்டும் சொன்னாள். கைவைக்கவில்லை.

* இதைச் சேர்த்தவன்மேல் முதலில் எனக்குக் கோபம். அவனிடம் பிறகு வருகிறேன்.

4

விக்டருக்கு வசனமும் தெரியாது, பிரதியும் தெரியாது. கோயிலுக்கே திருவிழாவுக்குத்தான் போவார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏளா ஆனி, இப்பம்லாம் கைய ஏன் வைக்க மாட்டேங்குத?"

அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற ஜெனோ கட்டிலருகே குனிந்தான்.

"அத்தான், நான் வைக்கட்டா?"

"போலே. ஒங் கை மீன் வெட்டுத பலகை மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சொகமாயிரும்னு நான் எங்கலே நெனச்சேன்? அவ கை குளுமையா இருக்கும். அதான் மாப்ள."

ஜெனோ வீட்டுக்கு ஓடி அதே லேப்டாப்பைத் திறந்தான். இந்தமுறை எதிர்த்திசையில் தேடினான். அந்த வரிகள் இரண்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தன என்பதற்குச் சான்று கிடைத்தது. மறுநாள் காலை அதை அக்காவிடம் காட்டப் போனபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

ஆனி அவனைத் திட்டவில்லை. லேப்டாப் பையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"வசனம் போனாப் போவுது. நான் ஏன்லே கைய எடுத்தேன்?"

5

விக்டர் பிழைத்தெழும் முடிவு ஒன்றை எழுதிக் காட்டினேன். ஜெனோ தலையை ஆட்டினான். "அக்கா நம்ப மாட்டா." ஆனி தம்பியை மன்னிப்பதாக ஒன்று. அதை அவனே நம்பவில்லை. ஆனி சவப்பெட்டிமேல் கைவைத்து

இல்லை, இதை நான் எழுத மாட்டேன்.

வசனங்களைச் சேர்த்த அந்தப் பழைய எழுத்தாளன்மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. பயந்து ஓடிய பெண்களை அப்படியே விட்டுவிட அவனுக்கு மனசு கேட்டிருக்காது. அவனிடமும் ஒரு ஜெனோ வந்து, எங்க அக்காவுக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுங்கள் என்று நின்றிருப்பானோ என்னவோ.

6

இந்தக் கதையின் பழைய பிரதி, ஆனி பயந்து குசினிக்குள் போவதோடு முடிகிறது. கீழே அடைப்புக்குள் இருப்பது பின்னால் சேர்த்தது. சேர்த்தவன் நான். விக்டரைக் குணமாக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மஞ்சள் மார்க்கர் உங்கள் கையில். அடிப்பதானால் அடித்துவிடுங்கள்.

[ஆனி அடுப்பை அணைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். வசனம் எதுவும் சொல்லவில்லை. விக்டரின் நெற்றியில் கையை வைத்தாள்.

"கஞ்சிப்பானையத் தொட்ட கை. சுடுதா?"

"இல்லளா. எடுத்துராத."

அவள் எடுக்கவில்லை.]