தமயந்தி பழக்கிய எஞ்சின்

கல்கத்தாவில், டாலிகஞ்ச் கராஜிலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோது தமயந்திக்கு முதலில் உறைத்தது சத்தம்தான். வெளியிலிருந்து பார்க்க அது ஒரு வெள்ளை மாருதி 800. உள்ளே டிரைவர் சீட் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. பின் சீட், தரைவிரிப்பு, கதவுகளின் உள்பக்க அட்டை, கூரைத் துணி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, வெறும் தகரக் கூட்டுக்குள் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு வைத்திருந்தார்கள். டயரில் ஒரு கல் பட்டுத் தெறித்தாலும் மண்டைக்குள் தெறித்த மாதிரி இருந்தது. டிராம் தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் அவள் பற்கள் இரண்டு முறை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அவள் கணவர் பாலசுப்ரமணியன் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் மெக்கானிக்கல் பிரிவில் இருந்தார். கராஜ் அவருடைய சிநேகிதன் தேபாஷிஷுடையது. எல்லோருக்கும் தேபு. இரண்டு பேரும் சேர்ந்து விபத்தில் முன்பக்கம் நசுங்கிய அந்த மாருதியை வாங்கி, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்திருந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பிப்ரவரியில் புதியவர்களுக்கான கார் பந்தயம் நடக்க இருந்தது. பாலு எஞ்சினைச் செய்வார், தேபு ஓட்டுவான். இது என்றைக்கோ முடிவான விஷயம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை.

எஞ்சின் தயாரான அன்றுதான் ஒரு சிக்கல் வந்தது. "புது பிஸ்டன், புது ரிங். எடுத்த எடுப்புல மிரட்டினா சிலிண்டர் கீறிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பழக்கணும்," என்றார் பாலு, சாப்பிட்ட கையோடு. "எனக்கு ஆபீஸ். தேபுவுக்கு கராஜ். எவன் ஓட்டறது?"

"நான் ஓட்டறேன்," என்றாள் தமயந்தி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பே கரக்பூரில் அவள் லைசென்ஸ் எடுத்திருந்தது அவருக்குத் தெரியும். மறந்திருந்தார். "சத்தம் தாங்குவியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவளுடைய நெயில் பாலிஷை வாங்கி, எஞ்சினின் வேகம் காட்டும் மீட்டர் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். முள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

அந்த டிசம்பரும் ஜனவரியும் காலை வேளைகளில் கல்கத்தா முழுக்க அவள் மெதுவாக ஓட்டினாள். பாலு ஆபீசுக்குப் போன பின் கிளம்புவாள். மகள் சஹானா பாதி வங்காளத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "மா, ஸ்கூல் கேட்கிட்ட மட்டும் இந்த காடியில வந்து நிக்காதே." லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் விற்கும் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சீட்டெல்லாம் யாராவது கழட்டிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார். வாங்கிய கத்தரிக்காயையும் தேங்காயையும் தகரத் தரையில்தான் போட வேண்டியிருந்தது. முதல் வளைவிலேயே தேங்காய் உருண்டு போய்க் கதவில் இடித்தது. இரண்டாவது வாரத்தில் தேங்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. பிரேக்கை எப்போது விடுவது, ஸ்டியரிங்கை எவ்வளவு மெல்லத் திருப்பத் தொடங்குவது, வண்டியின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அவளுடைய இடுப்புக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இதைப் பாலுவிடம் சொல்ல நினைத்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குழம்பு நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

எஞ்சினும் மாறிக்கொண்டு வந்தது. ஆரம்பத்தில் இருந்த கரகரப்பு போய், கோட்டுக்குக் கீழே ஒரு சீரான முனகல் வந்திருந்தது. ஒரு நாள் பனி விலகாத காலையில் இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் மேல் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டிகூட இல்லை. முள் கோட்டைத் தொட்டு நின்றது. காலுக்கடியில் பெடல் இன்னும் எவ்வளவோ ஆழம் இருந்தது. எஞ்சின் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கயிற்றில் கட்டிய கன்று போல அது முன்னால் இழுத்தது. காலை அப்படியே வைத்திருந்தாள். பாலம் இறங்கும் இடத்தில்தான் காலை எடுத்தாள். அன்று முழுவதும் வீட்டில் எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. ஆசைப்பட்ட ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது போல இருந்தது. முப்பத்தாறு வயதில் இந்த மாதிரி ஏங்குவதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆயிரம் கிலோமீட்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோனாவில் போட்டு முடித்து இன்னும் திறக்காத ஒரு சாலைக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். காலி பெயிண்ட் டப்பாக்களை வைத்து வளைவுகள் அமைத்தான் தேபு. அவன் ஓட்ட, பாலு ஸ்டாப் வாட்சைப் பிடித்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்தினார். மூன்று டப்பாக்கள் நசுங்கின. இறங்கி வியர்வையைத் துடைத்த தேபு வங்காளத்தில் அண்ணி முறை வைத்துச் சொன்னான்: "பௌதி, நீங்களும் ஒரு சுற்று போயிட்டு வாங்க. இத்தனை நாள் பழக்கினது நீங்கதானே. இப்ப கோடு கிடையாது."

அவள் துப்பட்டாவைக் கழற்றிப் பாலுவின் மடியில் போட்டுவிட்டு ஏறினாள். முதல் கியரிலேயே முள் சிவப்புக் கோட்டைக் கடந்தது. அதுவரை அவள் கேட்டே இராத ஒரு குரல் முன்னாலிருந்து எழுந்தது. இரண்டு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று பாட ஆரம்பித்த மாதிரி. டப்பாக்கள் வந்தன, போயின. எங்கே பிரேக் என்று யோசிக்கவே இல்லை. கடைசி வளைவில் பின் சக்கரங்கள் லேசாக வழுக்கின. கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பி வண்டியை நேராக்கியது. ஒரு டப்பாகூட விழவில்லை.

வண்டியை நிறுத்தி, "எவ்வளவு?" என்றாள். மூச்சு வாங்கியது.

பாலு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன எவ்வளவு?"

"டயம்."

"பாக்கலியே. நீ சும்மா ஒரு ரவுண்டுதானே போனே?" என்று அவளுக்கும் ஒரு கப் நீட்டினார். அதில் கேலி எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தேபு நசுங்கிய டப்பாக்களைப் பொறுக்கப் போயிருந்தான்.

அடுத்த வாரம் வண்டி லாரியில் ஏறி சென்னைக்குப் போனது. தமயந்தி மினிபஸ்ஸில் லேக் மார்க்கெட் போய்வந்தாள். டிரைவர் வளைவின் நடுவில் பிரேக் போட்டபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்பது இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. தேபுவைவிட வேகமா, மெதுவா? மெதுவாகவே இருக்கட்டும். தெரிந்தால் போதும் என்றிருந்தது. துணி உலர்த்தும்போது, மாவு கரைக்கும்போது, அந்தச் சாலையை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

சஹானாவை, அவள் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனார்கள். பந்தயம் தொடங்கியபோது அவள் சுவருக்கு இந்தப் பக்கம் பாலுவோடு நின்றாள். இருபது எஞ்சின்களின் இரைச்சலில் தன் எஞ்சினின் குரலை அவளால் தனியாகப் பிரிக்க முடிந்தது. மூன்றாவது சுற்றில் தேபு ஏழாவதாக வந்துகொண்டிருந்தான். நான்காவது சுற்றில், தூரத்து வளைவுக்கு முன்னால், அந்தக் குரல் ஒரேயடியாகக் கிறீச்சிட்டு உச்சத்துக்குப் போய் நின்றது. பாலு திரும்புவதற்குள், "போச்சு," என்றாள்.

மாலையில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. தேபு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். "நாலாவது கியர்லேருந்து மூணு போடணும். அவசரத்துல ரெண்டாவது விழுந்துடுச்சு. என் தப்பு, பாலுதா," என்றான், எப்போதும் போல அண்ணன் முறை சொல்லி.

"விடு. ரேஸ்னா உடையும்," என்றார் பாலு. குனிந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து எழுந்தார். "கீழ பிளாக் போனாலும் மேல ஹெட் தப்பிச்சிருக்கு. அடுத்த வருஷம் வேற பிளாக் போட்டுடலாம். பழக்கறதுக்குத்தான் இவ இருக்காளே."

லாரியில் சாய்ந்து நின்ற தமயந்தி நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தாள். பிறகு, "அடுத்த எஞ்சினை நான் பழக்க மாட்டேங்க," என்றாள்.

"ஏன், முதுகு வலிக்குதா?"

"இல்ல. பழக்கி இன்னொருத்தர் கையில குடுக்க முடியாது. நான் ஓட்டறதா இருந்தா சொல்லுங்க. பழக்கறேன்."

பாலு சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். தேபு ஹெல்மெட்டின் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தான்.  அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. சுவரில் இருந்த திறப்பு வழியாக டிராக்குக்குள் இறங்கினாள்.

எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. தார் இன்னும் சூடாக இருந்தது. நாள் முழுக்க டயர்கள் தேய்த்த கறுப்புத் தடம் ஒன்று சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெல்லச் சாய்ந்து போயிற்று. அதன் மேலேயே நடந்தாள். எங்கே பிரேக், எங்கே விட வேண்டும் என்று தோன்றிய இடங்களில் கால் தானாகத் தயங்கியது. தூரத்து வளைவுக்கு முன்னால் எண்ணெய்க் கோடு தொடங்கியது. அதன் மேல் சிமெண்டுப் பொடி தூவியிருந்தார்கள். புல் ஓரத்தில் தேபு வண்டியை நிறுத்திய இடத்தில் அந்தச் சாம்பல் நிறப் பொடி முடிந்தது. பின்னால் எங்கோ பாலு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அதற்கு அப்பால் சாலை வலப்பக்கமாக வளைந்து கண்ணுக்கு மறைந்தது. தமயந்தி வெளி ஓரத்துக்குப் போய், கொஞ்சம் அகலமாக எடுத்து, வளைவுக்குள் திரும்பினாள்.