அலமாரியின் கீழ்ப்பக்கம்

வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் தூக்குவது எங்கள் வேலை. மாடிப்படியில் அலமாரி ஏறும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவன்மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். அந்த இடம் என் மனைவியின் அண்ணனுடையது. மேல்பக்கம் பிடித்துப் பின்வாக்கில் ஏறும் நான் "படி" என்பேன். அவர் "ஆச்சு" என்பார். அலமாரி மறைப்பதால் அவர் முகம் தெரியாது; குரல்தான்.

மச்சானுக்கு உடம்பு பெருத்து, முழங்கால் வலித்து, சர்க்கரையும் அதற்கு மாத்திரையும் வந்து சேர்ந்தன. இனிமேல் முடியாதென்று மேஸ்திரி தன்னை லாரிக்குக் காவல் வைத்துவிடுவாரோ என்று பயந்தார். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டார். முட்டை, கறி, கீரை மட்டும்.

"என்ன மச்சான், ஆடு மாதிரி தழையத் திங்கிறீங்க?"

"ஆடு மலையே ஏறுது. நீ ரொட்டியத் தின்னுட்டு மூச்சு வாங்கு, மாப்ள."

கிண்டல் செய்தேனே தவிர, கண் அவர்மேலேயே இருந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். படியில் முனகுவது நின்றது. சோறுதான் பலம் என்று வளர்ந்தவன் நான். அது இல்லாமல் இவர் எதை வைத்துத் தூக்குகிறார்? ஒரு மத்தியானம் நானும் வெறும் முட்டையோடு நிறுத்திப் பார்த்தேன். சாயங்காலம் தலை இடித்தது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அவர் மனைவியைக் கேட்டேன். "எடை கொறஞ்சது நெசம். வாய் நாத்தம்தான் தாங்கல" என்றார் அக்கா.

பிறகு ஒரு வீட்டில் மூன்றாவது மாடிக்குக் கனத்த அலமாரி ஏற்றினோம். "படி" என்றேன். பதில் இல்லை.

"மச்சான்?"

"எந்தப் படி?" என்றார், குடித்தவர் குரலில். அவர் குடிப்பதில்லை.

அலமாரியைக் கைப்பிடிச் சுவரோடு அணைத்துக் கத்தினேன். லாரி டிரைவர் ஓடிவந்து தாங்கினார். மச்சான் படியில் உட்கார்ந்தார்; சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது. வீட்டுக்கார அம்மா பார்த்ததுமே, "சர்க்கரைக்கு மாத்திரை போடுறாரா?" என்று கேட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வந்தார்.

"சர்க்கரையா? வேணாம்மா, இத்தன நாள் பத்தியம் இருந்தது வீணாப் போயிடும்."

"குடிக்கலன்னா நீங்களே வீணாப் போயிடுவீங்க. குடிங்க!"

குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"சோறு சாப்பிடுறவருக்குக் கணக்குப் பண்ணிக் குடுத்த மாத்திரை இது. சோத்த விட்டதும் சர்க்கரைய ரொம்பக் கீழ எறக்கிடுச்சு. சாப்பாட்ட மாத்துனா எங்கிட்டச் சொல்ல வேணாமா?"

"மருந்த நிறுத்துனாத்தான் சொல்லணும்னு நெனச்சேன் சார். சோத்தத்தானே நிறுத்துனேன்?"

நான் விடவில்லை. "அப்ப இந்தச் சாப்பாடு நல்லதா, கெட்டதா சார்?"

"எடை கொறையும், சர்க்கரையும் எறங்கும். பல பேருக்கு நல்லாவே கேக்குது. ஆனா இந்த மாத்திரையோட சேந்தா உசுருக்கே ஆபத்து. பல வருஷம் இப்படியே இருந்தா என்னாகும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

டாக்டருக்கே தெரியாதா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், மச்சான் தட்டில் கொஞ்சம் சோறு திரும்பி வந்தது. சர்க்கரை நிலைக்கு வரும்வரை பாரம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மச்சான் பயந்தபடியே லாரிக் காவலுக்குப் போனார். டிரைவர் மேல்பக்கம் பிடிக்க, கீழ்ப்பக்கம் நான். மச்சான் சும்மா இருப்பாரா? கூடவே மாடியேறி முன்னால் நின்று, "படி" என்றார்.

பாரம் நெஞ்சில் இறங்கியது. "ஆச்சு" என்றேன்.

"காலைல என்ன தின்ன, மாப்ள?"

"ரொட்டி."

"அதான் இப்படி மூச்சு வாங்குது."

"பேசாம படியச் சொல்லுங்க, மச்சான்!"