பணத்தைக் கண்டு ஓடியவர்

என் கணவர் நேதன் உள்நாட்டுப் போரில் இறந்து ஓராண்டு கழிந்த பிறகுதான் அவருடைய பாக்கிச் சம்பளம் ஒஹையோவில் இருந்த என் கைக்கு வந்தது. எல்லாம் போர்ச் செலவுக்காக அரசாங்கம் புதிதாக அச்சிட்ட பச்சை நோட்டுகள். பத்து டாலர் தாளில் ஜனாதிபதியின் முகம். கள்ள நோட்டு மலிந்த காலம் அது. எங்கள் கடைக்காரர் முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பார். நானும் அந்த நோட்டுக்கட்டை வாங்கியதும் முகர்ந்துதான் பார்த்தேன்.

எங்கள் நிலம் எஸ்ரா பெட்டிபோனிடம் அடமானத்தில் இருந்தது. மே மாதத்துக்குள் மீட்காவிட்டால் அது அவருக்குப் போய்விடும். தங்கக் காசுதான் வேண்டும் என்றார் அவர். ஆனால் கடனுக்கு இந்தத் தாளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டு, ஜனாதிபதியும் கையெழுத்திட்டிருந்தார். சாட்சி வைத்துப் பணத்தை நீட்டிவிட்டால், அவர் வாங்க மறுத்தாலும் நிலத்தைத் தொட முடியாது என்று கொல்லர் ஏமஸ் டட்டில் விசாரித்துச் சொன்னார்.

அது பெட்டிபோனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் அவர் வெளியூர் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். ஆனால் அவருடைய குதிரை கொட்டகையில் நின்றது. மாடி ஜன்னல் திரை அசைந்தது. கடன் கொடுத்தவர் கடன்காரியைக் கண்டு ஒளிவதை அப்போதுதான் பார்த்தேன்.

மே மாதக் கடைசியில் ஹிக்ஸ் குடும்பத்தின் பண்ணை ஏலத்துக்கு வந்தது. மலிவாக எது கிடைத்தாலும் பெட்டிபோனால் வீட்டில் இருக்க முடியாது. ஏமஸை அழைத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். பெட்டிபோன் ஒரு பசுவை ஏலம் எடுத்து, பச்சைத் தாள்களை எண்ணிக் கொடுத்தார். உடனே அவர் முன்னால் போய் என் நோட்டுக்கட்டை நீட்டினேன்.

"தங்கம்னா குடும்மா. இந்த ஆளு படம் போட்ட தாள நான் நம்பல. நாளைக்கே சண்டையில தோத்துட்டா அடுப்புதான் மூட்டணும்."

"அப்ப ஹிக்ஸ் வீட்டுல மட்டும் அடுப்பு மூட்டலாமா, ஐயா? பசுவுக்கு இப்ப என்னத்தக் குடுத்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஏமஸ் நிதானமாகச் சொன்னார்: "வாங்க மாட்டேன்னு சத்தமா ஒரு வார்த்த சொல்லிடும்யா. சாட்சிக்கு ஊரே நிக்குது."

பெட்டிபோன் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினார். வண்டிப் பலகையின் மேல் வைத்து ரசீது எழுதினார். அவர் கையெழுத்தைப் போட்டு முடிக்கும்வரை கடைசித் தாளை நான் விடவில்லை.

நிலம் எனக்கே நின்றது. ஆனால் அந்தத் தாளை நான் நம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிச்சமிருந்ததை அதே ஏலத்தில் ஒரு கலப்பைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.